நைனா பார்த்த சிவப்பு

1

போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். நாங்கள் செய்யும் சளிக்காய்ச்சல் சோதனைப் பட்டை கடைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறதாம். மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, சின்னக் குப்பியில் இருக்கும் திரவத்தில் கலக்கி, சொட்டு விட்டுப் பார்ப்பார்களே, அதுதான். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு அடுத்த தலைமுறை. ஒரே பட்டையில் நாலு வைரஸைக் காட்டும். கொரோனா ஒன்று, இன்ஃபுளுயன்சாவில் இரண்டு, கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் ஒன்று.

கேக்கையும் பட்டை மாதிரியே செய்திருந்தார்கள். வெள்ளை க்ரீமின் மேல் ஸ்ட்ராபெரி ஜாமில் ஐந்து சிவப்புக் கோடுகள். முதல் கோடு பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு. மற்ற நாலும் நாலு நோய்க்கு. ஐந்தும் சிவந்தால் ஊரில் இருக்கிற அத்தனை சளியும் ஒரே ஆளுக்கு என்று அர்த்தம். கேக் செய்தவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும், பாவம். அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் கோட்டையும் போட்டுவிட்டார்.

என் தட்டுக்கு வந்து சேர்ந்தது ஆர்.எஸ்.வி. கோடு. கடைசித் துண்டு. மேலதிகாரி அம்மாள் ஆசையாகத்தான் கொடுத்தார். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, சர்க்கரை ஆகாது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இங்கே ஜெர்மனியில் உடம்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் துருவ மாட்டார்கள். எங்கள் ஊர் ஆரணியாக இருந்தால் எவ்வளவு சுகர், எந்த டாக்டர், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறாயா என்று அரை மணி நேரம் போயிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் அழுதும் இருப்பேன்.

2

நான் ஜெர்மனிக்கு வந்து என் மகள் மித்ராவின் வயதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. அவளுக்குப் பதின்மூன்று. இத்தனை வருடத்தில் என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை, நைனாவைத் தவிர. நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் பலர் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நைனாவுக்கு ஆரணி பஜாரில் ஜரிகைக் கடை. பட்டுப்புடவை நெய்கிறவர்கள் வந்து ரீல் ரீலாக வாங்கிப்போவார்கள். ஜரிகை அசலா போலியா என்று பார்க்க எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. நகத்தால் சுரண்ட வேண்டும். மேலே தங்கப்பூச்சு, அதற்குக் கீழே வெள்ளி இழை, அதற்கும் உள்ளே சிவப்புப் பட்டு நூல். சுரண்டின இடத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் அசல். வெள்ளையாக நூல் தெரிந்தால் டூப்ளிகேட். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட முந்தானை ஓரத்தைக் கடைக்காரர் பார்க்காத நேரத்தில் சுரண்டிப் பார்ப்பார்கள். சிவப்பு தெரிந்ததும் அந்த முகங்களில் ஒரு நிம்மதி வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, நான் வேலை செய்கிற இடத்திலும் தங்கம்தான் என்று நைனாவிடம் சொன்னேன். தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக ஆக்கிவிட்டால் மஞ்சள் போய் ஒயின் மாதிரிச் சிவப்பாகிவிடும். அந்தத் துகளின் மேல், குறிப்பிட்ட வைரஸைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை ஒட்டவைப்போம். சளியில் அந்த வைரஸ் இருந்தால் தங்கத்தையும் இழுத்துக்கொண்டு பட்டையில் ஊர்ந்துபோய் ஓரிடத்தில் சிக்கி நிற்கும். கோடிக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் நிற்பதால் அங்கே சிவப்புக் கோடு தெரியும். இவ்வளவையும் கைவிரலைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

நைனா கேட்டுவிட்டு கடகடவென்று சிரித்தார்.

"தங்கத்துக்கு அடியில எப்பவும் செவப்புதாம்மா மஞ்சு. நாங்க சொன்னா எவன் நம்புறான்? இப்ப ஜெர்மன்காரனே ஒத்துக்கினான் பாரு."

மறுநாளிலிருந்து பஜார் முழுக்க அதே பேச்சு என்று தம்பி பாபு சொன்னான். வந்தவாசியிலிருந்து வரும் வியாபாரியிடமும் அதே கதைதானாம். "எம் பொண்ணு அங்கயும் தங்கந்தான் பாத்துகினு கீறா. நாம ஜரிகையில பாக்கறோம், அவ சளியில பாக்கறா." அம்மா போனபிறகு நைனா இவ்வளவு சந்தோஷமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்து நான் கேட்டதில்லை.

3

பாபுவின் மனைவி சுகுணாவுக்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம் ஆனதால் தாய்வீடான தேசூரில். பெயர் தர்ஷன். நைனா அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. "சின்ன மொதலாளி எப்ப கடைக்கு வராரு?" என்றுதான் கேட்பார். பிள்ளையைப் பார்க்க தேசூருக்குப் போனபோது, சம்பந்தி வீட்டில் ஆள்மேல் ஆள் வாங்கியதில் கொஞ்ச நேரம்தான் கையில் கிடைத்ததாம். ஐந்தாம் மாதம் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டை போட்டு, அங்கிருந்து பிள்ளையை ஆரணிக்குக் கூட்டிவருவது என்று பேச்சு. நைனா அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் வாங்கி, கயிறு மாற்றி, எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

நானோ ஆர்.எஸ்.வி.யைக் கரைத்துக் குடித்தவள். பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். ஐந்து மாதக் குழந்தைக்கு அப்படி இல்லை. இங்கே முதல் குளிர்காலத்துக்கு முன்னால் கைக்குழந்தைகளுக்கு ஒரு தடுப்பு ஊசி போடுகிறார்கள். நம் பக்கம் நான் விசாரித்த இடங்களில் அப்படி ஒன்று கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இருக்கிற ஒரே வழி, சளி பிடித்தவர்கள் பிள்ளையைத் தூக்காமல் இருப்பது. நம் ஊரில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஊருக்குப் போன ஒரு நண்பரிடம் எங்கள் பட்டைகளை, வீட்டில் எல்லோரும் கிட்டு என்போம், ஒரு பெட்டி கொடுத்தனுப்பினேன். எப்படிப் பார்ப்பது என்று தமிழில் ஒரு வீடியோவும் எடுத்து அனுப்பினேன். முதல் கோடு எப்போதும் வரும், வேறு எந்தக் கோடு வந்தாலும் பிள்ளைப் பக்கம் போகக்கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தேன். பாபு பார்த்தான். சுகுணா பார்த்தாள், அவள் அம்மாவுக்கும் காட்டினாள். நைனா மட்டும் பார்க்கவில்லை.

"எனுக்கு எதுக்குடா? எம் பொண்ணு செய்யறது எனுக்குத் தெரியாதா?" என்றாராம்.

நானும் விடாமல் போனில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நைனா, சளி கிளி புடிச்சா, பிள்ளைய தூக்கறதுக்கு முன்னாடி கிட்டுல பாத்துடுங்க."

"பாக்கறம்மா, பாக்கறேன். நீ சொல்லி நான் கேக்காம இருந்திருக்கனா?"

உண்மைதான். நான் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததே இல்லை.

4

மொட்டை அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு போகவேண்டும். போனை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். காலை இடைவேளையில் வந்து எடுத்துப் பார்த்தேன். நைனாவிடமிருந்து ஒரு படம், ஒரு குரல் பதிவு. வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

படத்தில் பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, குங்குமம், நடுவில் எங்கள் பட்டை. அதில் இரண்டு கோடுகள். முதல் கோடு ஒன்று. கடைசிக் கோடு ஒன்று. ஆர்.எஸ்.வி. தினமும் இதையே பார்க்கிற கண் என்னுடையது. ஒருமுறை பார்த்தாலே போதும்.

குரல் பதிவை ஓடவிட்டேன்.

"மஞ்சு, ரெண்டு நாளா லேசா மூக்கு ஒழுகிகினு இருந்திச்சி. நீ சொன்னியேன்னு கிட்டுல பாத்துட்டேன். பாபு கார்த்தாலயே வேன்ல சாமானத்த ஏத்திகினு பூட்டான். நானே தனியா பாத்தேன். நல்ல செவப்பும்மா! ஒண்ணுக்கு ரெண்டா வந்துகீது. அசல்! தாம்பாளத்துல வச்சி சாமிகிட்ட காட்டிட்டேன். நான் கெளம்பறேன், நேரமாவுது. இன்னிக்கி சின்ன மொதலாளிய நான்தான் தூக்கிகினு வருவேன், ஒருத்தர்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

நைனாவுக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பாபுவுக்கு. தொடர்பு எல்லைக்கு வெளியே. சுகுணாவுக்கு. மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. படவேட்டுக் கோயிலில் தவில் நாதஸ்வரத்துக்கு நடுவே எந்தப் பைக்குள் போன் அடித்ததோ. மலையடிவாரத்தில் சிக்னல் வந்துவந்து போகும் என்று எனக்கே தெரியும். வாட்ஸப்பில் எழுதினேன். "பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று நைனாவிடம் சொல்லுங்கள்." எல்லோருக்கும் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. என்ன செய்ய? மறுபடியும் உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வரிசையாக வரும் பட்டைகளில் கோடு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் அதற்குத்தானே.

5

ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் டிராமில் இருந்தபோது, வந்து குவிந்த வாழ்த்துகளுக்கு நடுவே என் செய்தியைக் கவனிக்காமலே பாபு சில படங்களை அனுப்பினான். சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு பிள்ளை நைனாவின் தோளில் தூங்குகிறது. முகம் அவர் கழுத்துக்குள். மொட்டை அடித்து, காது குத்தி, பிள்ளை வீல் வீல் என்று கத்தி, தாய்மாமன் மடியில் அடங்காமல், சுகுணாவிடமும் அடங்காமல், நைனா வாங்கித் தோளில் போட்டதும் அடங்கியதாம். படவேட்டிலிருந்து ஆரணிவரை அப்படியே வந்திருக்கிறார். படத்தில் நைனாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நைனாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, பாத்தியா போட்டோல்லாம்?" என்று ஆரம்பித்தார். குரல் சளியில் கம்மியிருந்தது.

"நைனா, பிள்ளை எங்க?"

"தோ, தொட்டில்ல. தூங்கறாரு மொதலாளி."

"நைனா, நான் சொல்றத பதறாம கேளுங்க. கார்த்தால நீங்க பாத்தீங்களே கிட்டு, அதுல ரெண்டாவதா ஒரு சிவப்பு வந்துச்சே, அது நல்லதுக்கு வர்ற சிவப்பு இல்ல. உங்களுக்கு அந்தக் கிருமி இருக்குன்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் தொட்டிலை ஆட்டும் சத்தம் நின்றது.

"செவப்பு வந்தா அசல் இல்லியாம்மா?"

"ஜரிகையில அசல் நைனா. இதுல சீக்கு."

"தங்கந்தான செவப்பா வருதுன்ன?"

"தங்கந்தான் நைனா. கிருமி இருந்தாதான் அது அங்க வந்து நிக்கும்."

பிறகு சின்னக் குரலில் கேட்டார். "அப்ப நான் தூக்கினனே? கழுத்துல மூஞ்ச வச்சிகினு வந்தானே, அவ்ளோ தூரம்?"

எல்லோருக்கும் ஒட்டாது என்றேன். கோயிலில் எத்தனை பேர் பிள்ளையைக் கொஞ்சினார்கள், கூட்டத்தில் யாரிடமிருந்தும் வரலாம் என்றேன். அதெல்லாம் உண்மையும்கூட. இப்போதிலிருந்து தள்ளி இருங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள் என்றேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று சொல்லும்போதே தெரிந்தது. தடுப்பதற்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று நைனா கேட்டார். இல்லை என்றேன். ஊசி? தொற்று ஒட்டியபிறகு போட்டுப் பயனில்லை என்றேன். பின்னே என்னதான் செய்வது என்றார்.

"பாத்துகினு இருக்கறதுதான் நைனா."

அன்றைக்கு நான் சொன்னதில் அதுதான் கொடுமையான வாக்கியம். இருபது வருடம் படித்து, இந்த வைரஸையே பிடிக்கிற பட்டையைச் செய்து, கடைசியில் என் அப்பாவிடம் நான் சொன்ன வைத்தியம் அது. எங்கள் பட்டை நோயின் பெயரைச் சொல்லும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது.

6

ஐந்தாறு நாள் கழித்துப் பிள்ளைக்கு மூக்கடைத்தது. அடுத்த நாள் பால் குடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. ஆரணியில் காட்டிய டாக்டர் ஜல்தியாக வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அங்கே ஆக்ஸிஜனில் போட்டார்கள்.

ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. போய் என்ன செய்துவிடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருந்தது. புதுப்பிக்கக் கொடுத்து வாரக்கணக்கில் ஆகிறது. போன் செய்தால் இசை போட்டார்கள். இசைக்குப் பிறகு ஒருவர் வந்து, அவசரம் என்றால் அதற்குத் தனி மின்னஞ்சல் இருக்கிறது என்றார். மின்னஞ்சல் போட்டால், உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று தானாக ஒரு பதில் வந்தது. தானாக வந்த பதிலோடு யார் சண்டை போடுவது?

சரி, லீவாவது முதலில் வாங்கி வைப்போம் என்று அலுவலகத்தில் பணியாளர் விவகாரம் பார்க்கும் பெண்ணிடம் போனேன். நல்ல பெண். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். எங்கள் முறையில் ஒரு பெண்ணுக்குத் தம்பியின் பிள்ளை மருமகன். பதற்றத்தில் மூளை தமிழில்தான் ஓடியது. மருமகன் என்பதை அப்படியே ஜெர்மனில் போட்டுவிட்டேன். அவர்கள் மொழியில் அதற்கு ஒரே அர்த்தம், மகளைக் கட்டியவன்.

"உங்கள் மருமகனுக்கு என்ன வயது?" என்றாள் பேனாவை எடுத்துக்கொண்டு.

"ஐந்து மாதம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மித்ராவின் படம் என் மேசையில் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தியாவைப் பற்றி இதுவரை கேள்விப்பட்ட அத்தனையும் அவள் முகத்தில் ஒருமுறை வந்துபோனது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தம்பியின் மகன் என்று திருத்திச் சொன்னதும் பெருமூச்சு விட்டாள். பிறகு வருத்தத்தோடு சொன்னாள். தம்பி பிள்ளைக்கு அவசர விடுப்பு விதியில் இல்லை. பெற்றோர், கணவன், பெற்ற பிள்ளை, அவ்வளவுதான்.

"அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றேன்.

"புரிகிறது" என்றாள். புரியவில்லை. அவள்மேல் கோபமும் வரவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல என்னிடம் மொழி இல்லை.

7

வேலூரிலிருந்து பாபு வீடியோவில் காட்டினான். மூக்கில் குழாய், கையில் ஊசிக்குப் பலகை கட்டி, மொட்டைத்தலையில் இன்னும் சந்தனத்தின் மஞ்சள். சுகுணா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது.

"அண்ணி, நீங்க டாக்டர்கிட்ட ஒருவாட்டி பேசுங்களேன்" என்றாள். நான் ஏதோ மந்திரம் வைத்திருக்கிற மாதிரி.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். இது இந்த வயதுக் குழந்தைகளுக்கு வருவதுதான், வைரஸ் தன் காலத்தை முடித்துக்கொண்டு போகும், அதுவரை மூச்சுக்கும் பாலுக்கும் நாங்கள் துணை நிற்போம், வேறு மருந்து இல்லை என்றார். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். "நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று முடித்தார். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கும், நான் நைனாவிடம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னதற்கும் எவ்வளவு தூரம்.

நைனா எங்கே என்று கேட்டேன். பாபு போனைத் திருப்பினான். வராந்தாவின் கடைசியில், வெளிக்கதவுக்கும் அந்தப் பக்கம், முகமூடியோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர மாட்டேன் என்கிறாராம். சாப்பிடவும் இல்லையாம்.

"பேஜாரா கீதுக்கா. யாரும் அவர ஒரு வார்த்த சொல்லல. சுகுணா வூட்ல மொட்ட போட்டு ஊத்தின தண்ணி ஒத்துக்கலன்னுதான் பேசிக்கிறாங்க. இவருதான் தானா, நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்னு சொல்லிகினே கீறாரு."

மித்ரா என் தோளுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுக்களைத் தமிழ்தான் தெரியும். சாப்பிடு, போதும், தூங்கு. மற்றதெல்லாம் ஜெர்மன். போனை வைத்ததும் கேட்டாள், "தாத்தா ஏன் பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளைப் படிக்கவில்லை?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த ஊர்ப் பிள்ளை, தாளில் போட்டிருந்தால் படித்துவிட வேண்டியதுதானே என்று நினைக்கிறாள். ஜரிகையைச் சுரண்டினால் சிவப்பு வருவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஜரிகைக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தெரியவில்லை. பிறகு அசல் என்றால் என்ன, அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஏன் மனிதர்களுக்கு நிம்மதி வரும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் அவள் தலையாட்டினாள். "சரிம்மா, புரிகிறது" என்றாள், அந்த அலுவலகப் பெண் சொன்ன அதே குரலில். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

தவறு யாருடையது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். பெண் சொன்னாளே என்று சோதித்துப் பார்த்தவர் அவர். தன் வாழ்நாள் முழுக்கத் தன்னிடம் பொய் சொல்லாத ஒரு சிவப்பை நம்பினார். இதில் யாரைத் திட்டுவது?

8

பிள்ளை பிழைத்துக்கொண்டான். வேலூரில் கூட இருந்தவர்கள் எல்லாம் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்றார்கள். எனக்கும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தது. பாஸ்போர்ட் பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு வந்தது. இப்போது தர்ஷன் நன்றாகத் தவழ்கிறான். பனி இறங்கினால் கொஞ்சம் வீசிங் வருகிறது, அவ்வளவுதான். பெரியவனானால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

சரியாகாதவர் நைனா. அன்றிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. சளி போய், இருமல் போய், டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னபிறகும் தூக்கவில்லை. பிள்ளை தவழ்ந்து அவர் காலடிக்கு வந்தால் எழுந்து நகர்ந்துவிடுகிறார். அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பிள்ளை துரத்துகிறது. சுகுணாவே பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைக்கப் பார்த்திருக்கிறாள். "மாமா, அதெல்லாம் எப்பவோ பூடுச்சி, தூக்குங்க மாமா" என்று கெஞ்சியிருக்கிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

கிட்டு வேண்டும் என்று மட்டும் கேட்பார். யாராவது ஊருக்குப் போனால் கொடுத்தனுப்புகிறேன். தினமும் காலையில் மூக்கில் விட்டுப் பார்க்கிறார். ஒரே ஒரு கோடு வரும், முதல் கோடு. பட்டை சரியாக இருக்கிறது என்பதற்கான கோடு. அது வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அந்தப் பட்டையே செல்லாது. இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பாபு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டான்.

முந்தாநாள் சாயங்காலம் நானே கூப்பிட்டேன். கடையில் இருந்தார். யாரோ ஜரிகை பார்க்க வந்திருந்தார்கள் போலிருக்கிறது. "பாபு, நீ பாருடா" என்று எழுந்து வெளியே வந்து பேசினார். முன்பெல்லாம் அந்த ஒரு வேலையை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

"இன்னிக்கி பாத்தீங்களா நைனா?"

"பாத்தம்மா."

"ஒரு கோடுதானே?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணுமில்ல நைனா. சுத்தம். இன்னிக்கி அவன தூக்குங்க. எனக்காக தூக்குங்க."

கடை வாசலிலிருந்து இன்னும் தள்ளிப் போனார் போல, பஜாரின் ஆட்டோ சத்தம் கூடியது.

"தெரியும்மா. நீ சொல்றது புரியுது. ஆனா செவப்பா கீதே. அத்த பாத்தா கை வர மாட்டேங்குது." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "மஞ்சு, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. கோடே வராத மாதிரி ஒரு கிட்டு செய்ய முடியாதா? ஒண்ணுமே வராம வெள்ளையா நிக்கற மாதிரி? உங்க ஆளுங்கள கேட்டுப் பாரேன். அப்பிடி ஒண்ணு வந்தா, பாத்துட்டு அன்னிக்கே தூக்கிக்கறேன்."

வெள்ளை தெரிந்தால் ரீலைத் தூக்கி எறிகிற மனிதர் என்னிடம் வெள்ளையைக் கேட்கிறார். கேட்டுப் பார்க்கிறேன் நைனா என்றேன். வேறென்ன சொல்வது?

தொழிற்சாலையில் என் வேலை என்னவென்று மேலே சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு தட்டிலிருந்தும் சில பட்டைகளை எடுத்துச் சொட்டு விட்டு, முதல் கோடு சிவக்கிறதா என்று பார்ப்பது. இன்று காலை ஒன்று சிவக்கவில்லை. எப்போதாவது அப்படி ஆகும். தங்கம் சரியாகப் படியாமல் போயிருக்கும். கோடு வருவதற்குக் குறித்த நேரம் முடியும்வரை காத்திருந்தேன். ஒரு கோடும் இல்லை. தூய வெள்ளை. கையுறை போட்ட கையில் அதை வைத்துக்கொண்டு, அனுப்பினால் நைனா பிள்ளையைத் தூக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, இது செல்லாதது என்றேன். கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பட்டையை எடுத்தேன்.